குரக்கன் மீளும் வழி

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, புத்தளம் களப்பின் பக்கத்தில், தில்லையடி என்றோர் ஊர் உண்டு. தில்லை என்பது களப்போரங்களிலே கண்டல் மரங்களோடு கலந்து வளரும் ஒரு மரம். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குத் தீங்கு செய்யும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரை அளித்ததும் இம்மரமே. தரங்கம்பாடிக்கு அணித்தாயுள்ள, வள்ளியம்மையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தில்லையடி வேறு. புத்தளத்துத் தில்லையடி வேறு.

இவ்வூரின் அண்மைக்கால வரலாற்றிலே 1990ஆம் ஆண்டு மறக்க இயலாதது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே வட மாகாணத்து முஸ்லிம்கள், தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டளையினால், தத்தம் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாறு வெளியேறியோர் தொகை ஏறத்தாழ 75,000 என மதிப்பிடுவர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். அவர்கள் குடியமர்ந்த இடங்களுள் தில்லையடியும் ஒன்று. வந்தவர்களிலே வணிகரும் இருந்தனர், மீனவரும் இருந்தனர், மன்னார்ப் பகுதியின் வயல்களை உழுத வேளாண் மக்களும் இருந்தனர். கையிற் கொண்டுவர அனுமதிக்கப்பட்ட பொருள்களோ மிகச் சில.

வீட்டை இழந்தவன் பிறிதோரிடத்தில் வீடு கட்டலாம். நிலத்தை இழந்த உழவன் விதையையும் இழக்கிறான். விதை ஆண்டுதோறும் மண்ணிற் சென்று மீளவேண்டிய பொருள். இரண்டொரு மாரி விதைக்கப்படாது கிடந்தால் நெல்லின் முளைக்கும் ஆற்றல் குன்றிப்போகும். ஆகவே, பழந்தானியங்களை மீட்பது பற்றி இன்று உலகெங்கும் எழும் பேச்சைத் தில்லையடி போன்ற ஓர் ஊரிலிருந்து நோக்குவது பொருத்தமுடையது. தானியம் எவ்வாறு மறைகிறது, எவ்வாறு மீள்கிறது என்ற இரு வினாக்களுக்கும் விடை, அதனை விதைத்த மக்களின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது.

புத்தளம் வறண்ட வலயத்தைச் சேர்ந்த நிலப்பகுதி. ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலே பெய்து முடிந்துவிடும். குளத்து நீர் பாயும் தாழ்நிலங்களிலே நெல் விளையும். அந்நீர் ஏறாத மேட்டுநிலத்திலே, வானத்தை மட்டும் நம்பி விளைவன குரக்கன், சாமை, தினை, வரகு, இறுங்கு முதலிய தானியங்கள். தமிழ்நாட்டார் கேழ்வரகு என்று வழங்குவதையே ஈழத்தார் குரக்கன் என்பர். சோளம் என்று தமிழ்நாட்டில் வழங்குவதே இங்கு இறுங்கு.

இவற்றை நாட்டுத் தானியங்கள் என்று சொல்லும்போது ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். குரக்கன் முதன்முதல் பயிரானது கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டுநிலங்களிலே. அங்கிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது இந்தியாவை அடைந்தது. தினையின் தாயகம் சீனம். சாமையும் வரகும் இந்திய நிலத்திலேயே தோன்றியவை. ஆயினும் இந்நான்கும் ஒரே வேளாண்மையின் உறுப்புகளாய் நிலைத்துவிட்டன. எங்கே தோன்றியது என்பதனால் மட்டும் ஒரு தானியம் நாட்டுக்குரியதாகிவிடாது. அவ்விடத்து மண்ணையும் மழையையும் அறிந்த மக்கள் தலைமுறை தலைமுறையாய்த் தேர்ந்து, காத்து, அடுத்தவர் கையில் ஒப்படைத்தமையினாலேயே அது நாட்டுக்குரியதாயிற்று.

இத்தானியங்கள் விளைந்த முறைக்குச் சேனைப் பயிர்ச்செய்கை என்று பெயர். ஆடி, ஆவணி மாதங்களில் ஊரவர் கூடிப் புதர்க்காட்டின் ஒரு பகுதியை வெட்டுவர். வெட்டியது வெயிலில் உலர்ந்தபின் அதற்குத் தீயிடுவர். முதல் மழைக்கு முன்னரோ அம்மழையோடோ, சாம்பல் கலந்த மண்ணிலே குரக்கனைத் தூவுவர். அதனிடையே பயறு, கடுகு, பூசணி, மிளகாய் என்பவற்றையும் கலந்து இடுவர். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது அவர்களின் கணக்கு. கதிர் முற்றும் நாட்களில், யானையும் பன்றியும் புகாதபடி, ஆடவர் பரண்மீது இரவு முழுவதும் விழித்திருப்பர். பெண்கள் சிறு கத்தியினாலே கதிர் கதிராய்க் கொய்து எடுப்பர். இரண்டொரு போகத்தின் பின் அந்நிலம் மீண்டும் காட்டிற்கே விடப்படும். பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சென்றபின்னரே அங்கே மறுபடியும் கத்தி வைப்பர். அவ்விடைக்காலத்திலே மண் தன் வளத்தைத் திரும்பப் பெறும்.

குரக்கனுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. அதன் மணி மிகச் சிறிது. பூச்சி எளிதில் அண்டாது. நன்கு உலர்த்திச் சேமித்தால் பல ஆண்டுகள் கெடாது கிடக்கும். ஆதலால் வறண்ட வலயத்து ஊர்களிலே நெல் அன்றாட உணவாகவும் குரக்கன் பஞ்சகாலத்துக் காப்பாகவும் அமைந்தன. மழை தவறிக் குளம் வற்றிய ஆண்டிலே, குரக்கன் பிட்டும் குரக்கன் கூழுமே உயிர் காத்தன.

இவ்வேளாண்மையைக் கண்ணாற் கண்டு எழுதிவைத்தோருள் ஒருவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி. 1660இல் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்ட அவர், பத்தொன்பது ஆண்டுகள் அந்நாட்டிலே வாழ்ந்தார். 1679இல் காடு கடந்து, மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தது. நெல்லின் வகைகளை அவை விளையும் மாதக் கணக்கின்படி அவர் வேறுபடுத்திக் கூறுகிறார். குரக்கனை அரைத்து அடை சுடும் முறையையும், புதிய வரகை உண்டால் மயக்கம் உண்டாகும் என்பதையும் அவர் குறித்துள்ளார். நீர் எவ்வளவு காலம் கிடைக்குமோ அதற்கு ஏற்ற நெல்லைத் தேர்ந்து விதைக்கும் அறிவு அன்றைய உழவரிடம் இருந்தது என்பது அவர் குறிப்பினால் விளங்கும்.

இத்தகைய வேளாண்மைக்கு முதற் பெரிய அடி விழுந்தது 1840இல். அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரின்றியும் கிடந்த நிலமெல்லாம், உரிமை எண்பிக்கப்படாவிடில், முடிக்குரியது எனக் கொள்ளப்படும் என்றது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகிவந்த காலம் அது. முடிக்குரிய நிலம் தொடக்கத்திலே ஏக்கர் ஒன்று ஐந்து ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டது. சேனை நிலத்தின் இயல்பே பல ஆண்டுகள் பயிரின்றிக் கிடப்பது. ஊரவர் கண்ணுக்கு அது ஓய்வு கொள்ளும் நிலம்; சட்டத்தின் கண்ணுக்கு உரியவரில்லாத நிலம். உறுதியும் ஓலையும் காட்ட இயலாத குடியானவன், தன் பாட்டன் வெட்டிய சேனையையே வெட்டுவதற்கு அரசினரிடம் அனுமதிச் சீட்டுக் கேட்டு நிற்க நேர்ந்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் இப்பிடியை மேலும் இறுக்கியது.

அதிகாரிகளின் கருத்திலும் சிறிது உண்மை இல்லாமலில்லை. மக்கள் தொகை பெருகி நிலம் சுருங்கியபோது, பத்தாண்டு ஓய்வு ஐந்தாகி, ஐந்து மூன்றாகியது. மண் தேய்ந்தது, காடும் அழிந்தது. ஆயினும் நிலம் சுருங்கியதற்குக் காரணம் யாது என்பதை ஆராயாமல், சேனை செய்வோன் சோம்பேறி, காட்டை அழிப்பவன் என்ற பழியை அவன்மேற் சுமத்துவது ஆட்சியாளரிடையே வழக்கமாயிற்று. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை அரசாங்க உதவி அதிபராய் இருந்த லெனாட் வூல்ப், 1913இல் வெளியிட்ட தம் நாவலிலே, சேனை அனுமதிச் சீட்டு ஒன்றினால் ஓர் ஏழைக் குடும்பம் படும் பாட்டைச் சித்திரித்தார். அனுமதி வழங்கும் நாற்காலியிலே இருந்தவரே அதனை எழுதினார் என்பது நோக்கத்தக்கது.

இரண்டாவது அடி சந்தையிலிருந்து வந்தது. தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் வேண்டிய அரிசி பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாய் வந்து இறங்கிற்று. 1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது அவ்வரவு நின்றது. அரிசிக்குப் பங்கீடு ஏற்பட்டது. குரக்கனும் மரவள்ளியும் மறுபடி அடுப்பிற்கு வந்தன. ஆனால் அவை அன்புடன் அழைக்கப்பட்ட விருந்தினராய் வரவில்லை. முடைக்கால உணவு என்ற பெயருடனேயே வந்தன. போர் முடிந்தபின் அரிசி திரும்பியது. 1953இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடு முழுவதும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசியே உணவு, அரிசியே அரசியல் என்ற நிலை அன்று ஐயமின்றி வெளிப்பட்டது.

அதன்பின் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புதிய நெல்லினங்கள் வரலாயின. 1950களின் பிற்பகுதியில் வந்த எச்-4 என்னும் இனமும் அதன் வழிவந்தவையும் விளைச்சலைப் பெருக்கின. அவை நாட்டின் பசியைத் தணித்தன என்பதை மறுப்பது நன்றியின்மை. ஆயினும் பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் வயல்களிலிருந்து ஒதுங்கின. மேட்டுநிலத் தானியங்களோ ஆராய்ச்சியாளரின் கவனத்தையும் அரசினரின் உதவியையும் நெல் பெற்ற அளவிற் பெறவில்லை.

பழங்குடி மக்களின் கதை இதனினும் கடுமையானது. தம்பானைப் பகுதி வேடர்கள் வேட்டையோடும் தேனெடுப்போடும் சேனையிலே குரக்கனும் விளைத்து வாழ்ந்தவர்கள். 1983இல் அவர்களது காடு மாதுரு ஓயா தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. குடும்பங்கள் பலவும் மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. அங்கே அவர்களுக்குக் கிடைத்தது நெல்வயல். தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு தம் ஊரை விட்டுப் பெயர மறுத்தார். 1998இல் அவர் மறைந்தார். அவர் மைந்தர் வன்னில எத்தோ 1996இலேயே ஜெனீவாவிற்குச் சென்று, ஐக்கிய நாடுகளின் பழங்குடியினர் பணிக்குழுவின் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். அவர்கள் வேண்டியது தங்கள் காட்டிலே தங்கள் வழக்கப்படி வாழும் உரிமை. காடு இல்லாதவனுக்குச் சேனை இல்லை; சேனை இல்லாதவனுக்குக் குரக்கன் விதையும் இல்லை.

மறைந்த தானியம் மீளுமா? மீளும் என்பதற்குத் தமிழ்நாட்டிலே நல்ல சான்று ஒன்று உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, புறநானூறு போற்றும் வல்வில் ஓரியின் மலை. அங்கே வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் பெயரால் மலையாளிகளாயினும் மொழியால் தமிழர். சாமையும் கேழ்வரகும் தினையும் அவர்களது தொன்மையான பயிர்கள். சாமையிலே மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை என வெவ்வேறு காலத்தில் விளையும் வகைகளை அவர்கள் காத்து வந்தனர். சேலம் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கிற்குக் காசு கொடுக்கத் தொடங்கியபின், சாமை விளைந்த சரிவுகளெல்லாம் மரவள்ளியாய் மாறின.

சாமை விலகியதற்குக் காசு மட்டும் காரணமன்று. சாமையின் உமி கடினமானது. அதனைக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் தலைமேல் விழுந்த ஓயாத வேலை. கூப்பன் கடையிலே மலிவு அரிசி கிடைக்கும்போது, உரலும் உலக்கையுமாய் உழல எந்தப் பெண் விரும்புவாள்? பழந்தானியத்தின் பெருமையை மேடையிற் பேசுவோர் இவ்வுலக்கையை மறந்துவிடுகின்றனர்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலே அம்மலையிற் பணி தொடங்கியபோது இவ்வுண்மையை உணர்ந்து நடந்தது. சாமையின் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களிலே நிறுவப்பட்டன. அவற்றை நடத்தும் பொறுப்பு மகளிர் குழுக்களுக்கு அளிக்கப்பட்டது. எந்த வகைச் சாமை நல்லது என்பதை உழவரே தம் நிலத்தில் விளைத்துப் பார்த்துத் தேர்ந்தனர். தொம்பை என்னும் பழைய குதிரைப் போன்று ஊர் விதைக் களஞ்சியங்கள் ஏற்பட்டன. கடன்வாங்கிய விதையை அறுவடையின்பின் திருப்பியளிப்பது முறையாயிற்று. மாவும் சிற்றுண்டிக் கலவைகளும் ஆக்கி நகரங்களுக்கு விற்றனர். மரவள்ளி மறைந்துவிடவில்லை. ஆயினும் சாமை விதை அம்மலையை விட்டுப் போய்விடாமல் நின்றது. நிலம் அவர்களுடையதாய் இருந்தது, உழைப்புக் குறைந்தது, தீர்மானம் அவர்கள் கையிலே இருந்தது. இம்மூன்றும் கூடியதே காரணம்.

ஒடிசா மாநிலம் 2017இல் தொடங்கிய சிறுதானியத் திட்டம் இதனோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது. முதலில் ஏழு மாவட்டங்களின் 30 வட்டாரங்களிலே, பெரும்பாலும் பழங்குடியினர் வாழும் மலைப்பகுதிகளில், அது தொடங்கப்பட்டது. விளைந்த கேழ்வரகை அரசே நிர்ணய விலைக்கு வாங்கியது. பங்கீட்டுக் கடைகளின் வழியே மக்களுக்கு வழங்கவும் செய்தது. அரிசிக்கு இருந்த விலையுறுதி கேழ்வரகிற்கும் கிடைத்தபோது, உழவன் அதனை விதைக்கத் துணிந்தான். இந்தியாவின் முயற்சியினால் 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஓர் ஆண்டின் கொண்டாட்டம் செய்ய முடியாததை ஒரு நியாய விலை செய்யும்.

இதற்கு மாறான பாடமும் இலங்கையிலேயே உண்டு. 2021 மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் இயற்கை வேளாண்மைக்குத் திரும்பும் என்று சொல்லப்பட்டது. உழவரை எவரும் கலந்து கேட்கவில்லை. மாற்று உரமோ விதையோ போதிய அளவில் ஆயத்தம் செய்யப்படவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. உழவர் வீதிக்கு வந்தனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. பழமைக்குத் திரும்புதல் நல்ல நோக்கமே ஆயினும், மேலிருந்து கட்டளையாய் வந்தால் நிலத்தில் வேர் கொள்ளாது என்பதை ஒரே போகம் காட்டிவிட்டது.

இன்று இலங்கையின் பழைய நெல்லினங்களும் குரக்கன் வகைகளும் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலுள்ள பயிர் மரபுவள நிலையத்திலே குளிரறைகளிற் காக்கப்படுகின்றன. இது பெரிய தொண்டு. ஆனால் குளிரறையில் உறங்கும் விதை மழையின் மாற்றத்தை அறியாது. வயலில் ஆண்டுதோறும் விளையும் விதையே காலத்தோடு தானும் மாறிக்கொள்ளும். அதனை எப்போது விதைப்பது, எந்தக் கதிரை விதைக்கென ஒதுக்குவது என்ற அறிவும், விதைப்பவர் நினைவிலன்றி வேறெந்தப் பெட்டகத்திலும் தங்காது.

இனித் தில்லையடிக்குத் திரும்பலாம். 2009இல் போர் முடிந்தபின், புத்தளத்திலிருந்தோர் பலர் மன்னாரின் தெற்கேயுள்ள முசலிப் பகுதிக்கு மீண்டனர். இருபது ஆண்டுகளாய் மனிதர் காலடி படாத வயலும் தோட்டமும் காடு மண்டிக் கிடந்தன. 2012இல் அப்பகுதியின் காடுகள் ஒதுக்குக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017இல் மாவில்லுப் பேணற்காடு என்ற பெயரும் வந்தது. அவ்வெல்லைக்குள் தம் பழைய நிலங்களும் அடங்கிவிட்டன என்று மீண்டோர் முறையிட்டனர். காடு அழிக்கப்படுகின்றது என்று சூழல் காப்போர் எதிர்த்தனர். இருதரப்பு வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. காடும் வேண்டும், உழவனும் வேண்டும். எனினும் ஓய்ந்து கிடந்த நிலம் யாருக்கு உரியது என்ற 1840ஆம் ஆண்டின் வினாவே ஏறக்குறைய 170 ஆண்டுகளின் பின்னும் எழுந்து நிற்கக் காண்கின்றோம்.

திரும்பாது தில்லையடியிலேயே தங்கியோரும் உளர். 1990இன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இதுவே ஊர். முசலியின் வயல் அவர்களுக்குப் பெற்றோர் சொல்லும் கதை. விதைக்கும் அறிவு ஒரு தலைமுறை கைவிடப்பட்டால், அடுத்த தலைமுறைக்கு அதனைக் கற்பிக்க எஞ்சியிருப்போர் முதியவர் சிலரே. அவர்கள் இருக்கும்போதே, ஒரு துண்டு மேட்டுநிலமும், கன்னொறுவையிலிருந்து ஒரு பிடி விதையும், ஊர்ப் பெண்கள் நடத்தும் ஓர் அரைக்கும் ஆலையும், விளைந்ததற்கு ஒரு நியாய விலையும் கிடைக்குமாயின், குரக்கன் மீள்வதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. மாரிமழையோடு விதைத்தால் தை, மாசியிற் கதிர் கொய்யலாம். நிலமின்றி வாழும் தலைமுறையோ ஆண்டுக்கு ஆண்டு மூத்துக்கொண்டே போகின்றது.